கூண்டில் நிற்பவளும் வழக்குரைப்பவரும்

தமிழ்த் திரைப்படங்களிலே பெண் பலவீனமானவளாகவே காட்டப்படுகிறாள் என்ற குற்றச்சாட்டு எம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருவது. அண்மைக் காலத்தில் அதற்கு மறுமொழியாக வேறொரு கருத்தும் கூறப்படுகின்றது. முன்பு அழுதுகொண்டிருந்த பெண் இப்பொழுது பொலிஸ் உடை தரித்து நாலு பேரை அடித்து வீழ்த்துகிறாள். மாவட்ட ஆட்சியராக இருந்து அரசியல்வாதிகளை எதிர்த்து நிற்கிறாள். ஆகவே காலம் மாறிவிட்டது என்பது அக்கருத்து. எமது பீடத்துச் சிற்றுண்டிச்சாலையில் இவ்விரு கட்சியினரும் மோதிக்கொள்வதைப் பல தடவைகள் கேட்டிருக்கிறேன்.

இரு சாராரும் ஒருவரையொருவர் மறுத்துரைத்தாலும் அவர்கள் கையிலுள்ள அளவுகோல் ஒன்றே. கண்ணீர் விட்டாற் பலவீனம். கையை ஓங்கினால் வலிமை. இந்த அளவுகோல் எனக்கு ஒருபோதும் பொருந்தி வந்ததில்லை. நான் வளர்ந்த வீட்டில் பெண்களே மிகுதி. அவர்கள் அழுதார்கள், அழுதபடியே வீட்டையும் நடத்தினார்கள். எவரையும் அடித்து வீழ்த்தவில்லை. இவர்களை எந்தப் பக்கத்திற் சேர்ப்பது? இந்தக் கேள்வியே திரைப்படங்களை வேறொரு கோணத்திலிருந்து நோக்க என்னைத் தூண்டியது.

தமிழ்த் திரைப்படத்துக்கு நீதிமன்றக் காட்சி மிகவும் பிரியமானது. பேச்சுக்கு முதன்மை கொடுக்கும் மேடை நாடக மரபிலிருந்து வந்த சினிமா அவ்வாறிருப்பதில் வியப்பில்லை. நீதிமன்றத்திலே சில விடயங்கள் ஒளிவுமறைவின்றித் தெரிகின்றன. குற்றம் சாட்டப்படுபவர் யார், பேசுகிறவர் யார், யாருக்காகப் பேசுகிறார், தீர்ப்பை முடிவு செய்பவர் யார் என்பனவெல்லாம் அங்கே கண்முன்னே நிற்கின்றன. ஆகவே ஒரு பெண் வலியவளா மெலியவளா என்பதை அறிய அவளது கண்களையும் கைகளையும் பார்ப்பதை விடுத்து, அவள் சார்ந்த வழக்கை உரைப்பவர் யார், வழக்கு முடிந்தபின் அவளது வாழ்வைத் தீர்மானிப்பவர் யார் என்ற இரு வினாக்களை எழுப்பிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

இவ்வாறு நோக்குமிடத்து முதலில் நினைவுக்கு வருபவள் கண்ணகி. சிலப்பதிகாரத்து வழக்குரை காதை தமிழிலக்கியத்தில் ஒரு பெண் அரசவையிற் சென்று வாதிட்டு வென்ற வரலாறாகும். எம் நாட்டிலே அவள் காப்பியத் தலைவி மட்டுமல்லள், வழிபடு தெய்வமுமாவாள். சிங்கள மக்கள் பத்தினித் தெய்வமாக அவளை வணங்குகின்றனர். முல்லைத்தீவு வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல் அவளுக்கே நிகழ்கின்றது. மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்குக் காலத்திற் படிக்கப்படும் நூலின் பெயரே 'கண்ணகி வழக்குரை' என்பதாகும். ஒரு பெண் தன் வழக்கைத் தானே உரைத்த செயலை நூற்பெயராக்கிப் போற்றிய மரபு எமக்குண்டு.

திரைப்படமும் இக்கதையை விடவில்லை. 1942இல் வெளிவந்த 'கண்ணகி'யில் பி. கண்ணாம்பாவும், 1964இல் வெளிவந்த 'பூம்புகார்' படத்தில் விஜயகுமாரியும் பாண்டியன் அவையில் முழங்கினார்கள். பின்னதற்கு உரையாடல் எழுதியவர் மு. கருணாநிதி. விஜயகுமாரி சிலம்பை உயர்த்தி நிற்கும் காட்சியைப் பற்றி என் அம்மம்மா பேசும்போதெல்லாம் அவருடைய குரலும் உயர்ந்துவிடும். எனினும், அந்த முழக்கத்தின் எல்லையையும் நாம் கவனித்தல் வேண்டும். கண்ணகி கணவனுக்காகவே வாதிடுகிறாள். அவன் தன்னைப் பிரிந்து மாதவியிடம் இருந்த காலத்துக்கு அவள் எந்த வழக்கும் தொடுக்கவில்லை. திரும்பி வந்தவனிடம் கேள்வி எதுவும் கேட்காது சிலம்பை எடுத்துக் கொடுத்தவள் அவள். வீட்டினுள்ளே அவள் காத்த மௌனமே அரசவையிற் பேசுவதற்கான தகுதியை அவளுக்கு ஈட்டிக் கொடுத்தது போலும். தனக்காக வாய் திறவாத பெண்ணே பிறருக்காக வாய் திறக்கலாம் என்ற விதி, பின்வந்த எத்தனையோ படங்களிலே தொழிற்படுவதைக் காணலாம்.

ஆயின், இவ்விதியை மீறிய படமொன்று கண்ணாம்பாவின் 'கண்ணகி'க்கும் மூன்று ஆண்டுகள் முன்னதாகவே வெளிவந்துவிட்டது. கே. சுப்ரமணியம் நெறிப்படுத்திய 'தியாகபூமி' (1939) என்னும் அப்படம் கல்கியின் கதையை அடிப்படையாகக் கொண்டது. கணவனாலும் மாமியாராலும் துன்புறுத்தப்பட்ட சாவித்திரி, பல்லாண்டுகளின் பின் பெருஞ்செல்வத்துக்கு உரியவளாக, உமாராணி என்ற பெயருடன் திரும்பி வருகிறாள். மனைவி தன்னுடன் வந்து வாழவேண்டுமெனக் கணவன் வழக்குத் தொடுக்கிறான். எஸ். டி. சுப்புலட்சுமி நடித்த அந்தச் சாவித்திரி நீதிமன்றத்தில் அதனை மறுக்கிறாள். வேண்டுமானால் கணவனுக்குத் தானே ஜீவனாம்சம் கொடுக்கவும் ஆயத்தமாக இருப்பதாகக் கூறுகிறாள். இங்கு பேசுபவளும் அவளே. அவள் பேசுவதும் தன் பொருட்டே. எதிர்த்து நிற்பது தன் கணவனையே. தேசிய இயக்கக் கருத்துக்களைக் கொண்டிருந்தமையால் 1940இல் ஆங்கில அரசு இப்படத்தைத் தடைசெய்தது. சாவித்திரியின் வழக்கும் இறுதியில் தேச விடுதலை என்ற பெரிய வழக்கினுள் அடங்கிப் போகிறது. ஆயினும் எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ்த் திரையில் ஒரு பெண் இவ்வாறு நின்றாள் என்பது மறக்கத்தக்கதன்று. படிப்படியாக முன்னேறி வந்து இன்றுதான் வலிமையான பெண்ணைக் கண்டுகொண்டோம் என்று கருதுவோர் இப்படத்தைக் கணக்கிற் சேர்க்க மறந்துவிடுகின்றனர்.

'தியாகபூமி' வெளிவந்து பதின்மூன்று ஆண்டுகளின் பின், 1952இல், 'பராசக்தி' வந்தது. தமிழ்ச் சினிமாவின் நீதிமன்றக் காட்சி என்றவுடன் எல்லோர் மனத்திலும் எழுவது இப்படமே. கிருஷ்ணன் - பஞ்சு இயக்கிய இதற்கும் உரையாடல் எழுதியவர் மு. கருணாநிதி. மதவேடதாரிகளையும் செல்வரையும் சாடிய அதன் துணிவைக் குறைத்து மதிப்பிட எனக்கு எண்ணமில்லை. ஆனால், அதன் கதையமைப்பைச் சிறிது எண்ணிப் பாருங்கள். கணவனை இழந்து, தந்தையை இழந்து, கைக்குழந்தையுடன் பிழைக்க வழியின்றி, போகுமிடமெல்லாம் ஆடவரின் தொல்லைக்கு ஆளாகி, ஈற்றில் குழந்தையை ஆற்றில் எறிந்துவிட்டுத் தானும் சாகத் துணிபவள் கல்யாணி. நீதிபதியின் ஆசனத்தில் இருப்பவன் அவளது மூத்த அண்ணன். அனல் பறக்கப் பேசுபவன் இளைய அண்ணன் குணசேகரன். கல்யாணியும் கூண்டில் நின்று தன் கதையைக் கூறத்தான் செய்கிறாள். எனினும் மக்கள் மனத்தில் நிலைத்தவை குணசேகரனின் வார்த்தைகளே. துன்பப்பட்டவள் தங்கை, பேசிப் புகழ் பெற்றவன் அண்ணன்.

இதனை நான் நூல்களிற் படித்து அறியவில்லை. நான் கற்ற பெண்கள் பாடசாலையில், க.பொ.த. உயர்தர வகுப்புப் படிக்கும்போது, கலைவிழாவுக்கு இந்த நீதிமன்றக் காட்சியை மேடையேற்றினோம். எங்கள் வகுப்பில் உயரமாயும் கணீரென்ற குரலுடையவளாயும் இருந்த மாணவி ஒருத்தி குணசேகரனாக நடித்தாள். எனக்குக் கிடைத்தது கல்யாணி. நேரம் போதாதென்று கல்யாணியின் பேச்சை ஆசிரியர் வெட்டிவிட்டார். ஏறத்தாழப் பத்து நிமிடம் தலையைக் குனிந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதே என் நடிப்பாயிற்று. அந்தப் பத்து நிமிடமும் என்னைப் பற்றியே பேசப்பட்டது. என் பசி, என் மானம், என் குழந்தை எல்லாவற்றையும் இன்னொருத்தி அழகிய தமிழில் எடுத்துரைக்க, அரங்கம் கை தட்டியது. பெண்களே நடித்து, பெண்களே பார்த்து மகிழ்ந்த அந்த நிகழ்ச்சியிற் கூட, கதையின் கட்டமைப்பு கல்யாணிக்கு ஒரு சொல்லையும் தர இடங்கொடுக்கவில்லை. காட்சியைச் சுருக்க நேர்ந்தபோது எளிதில் வெட்டப்படக்கூடியதாக இருந்தது அவளுடைய பேச்சுத்தான்.

பேசுகின்ற பெண்கள் திரையில் இல்லாமற் போயினர் என்பதன்று. அவர்கள் வேறு வகை மன்றத்தில் நிறுத்தப்பட்டனர். 'பட்டிக்காடா பட்டணமா' (1972) படத்தில் நகரத்துச் செல்வ மகள் கிராமத்துக் கணவனுக்கு அடங்கிய மனைவியாக்கப்படுகிறாள். 'மன்னன்' (1992) படத்தில் பெரிய தொழிற்சாலையை நடத்திவந்த பெண், ஈற்றில் அலுவலகத்தைக் கணவனிடம் விட்டுவிட்டு வீட்டிலிருப்பதே பேறெனக் கொள்கிறாள். 'படையப்பா' (1999) படத்தின் நீலாம்பரி தான் விரும்பியதை வாய்விட்டுக் கேட்பவள், பணிய மறுப்பவள், முடிவில் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறாள். ரம்யா கிருஷ்ணனின் நடிப்பினால் அப்பாத்திரம் கதாநாயகனுக்கு நிகராக மக்கள் நினைவில் நின்றது உண்மை. ஆனால், கதை அவளுக்கு வழங்கிய தீர்ப்பு அதனால் மாறிவிடவில்லை. இப்படங்களில் நீதிபதியும் இல்லை, கூண்டும் இல்லை. எனினும் பெண்ணின் வலிமையே குற்றப்பத்திரிகையாகவும், அவளது அடக்கமோ அழிவோ தண்டனையாகவும் அமைந்துவிடுகின்றன. வலிமையான பெண்ணைக் காட்டுவதும் அவளது வலிமையை ஏற்றுக்கொள்வதும் வெவ்வேறு செயல்கள் என்பதை உணர இவ்வுதாரணங்களே போதும்.

எழுபதுகளிலே கே. பாலசந்தர் தொழில் பார்க்கும் பெண்ணை மையமாக வைத்து 'அவள் ஒரு தொடர்கதை' (1974) எடுத்தார். சுஜாதா நடித்த கவிதா கூர்மையான நாக்குடையவள். குடிகார அண்ணன் உட்பட முழுக் குடும்பத்தையும் தன் சம்பளத்தாற் காப்பவள். வீட்டிலே அவள் வைத்ததே சட்டம். ஆனால், அவள் எடுக்கும் பெரிய முடிவுகள் ஒவ்வொன்றும் தன் வாழ்வை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கும் முடிவாகவே அமைகின்றது. கைகூடி வந்த திருமணத்தையும் தங்கைக்கு விட்டுவிட்டு அவள் மீண்டும் வேலைக்குப் போகிறாள். முடிவெடுக்கும் உரிமை அவளுக்குண்டு. தனக்கென முடிவெடுக்கும் உரிமை அவளுக்கில்லை. நாற்பத்தைந்து ஐம்பது வயதான எங்கள் ஊர்ப் பெண்களிற் பலர் இப்படத்தைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுப்பதை அவதானித்திருக்கிறேன். அவர்களிற் சிலர் தம்மையே அங்கு கண்டிருக்கக்கூடும்.

அதே சுஜாதா பத்தாண்டுகளின் பின் 'விதி' (1984) படத்திலே சட்டத்தரணியாகத் தோன்றினார். காதலித்துக் கைவிட்டவனை எதிர்த்து ஒரு பெண் நீதிமன்றம் ஏறுகிறாள்; அவளுக்காக வாதிடுபவளும் ஒரு பெண். முந்திய படங்களில் இத்தகைய நிலைக்கு ஆளான பெண் கிணற்றையோ ஆற்றையோ தேடிப் போயிருப்பாள். இங்கு அவள் நீதிமன்றத்தைத் தேடிப் போகிறாள். இது சிறிய மாற்றமன்று. இப்படத்தின் உரையாடல் ஒலிநாடாக்களாகப் பரவி, படம் பாராதவர்களிடமும் சென்றது. பெண்ணுக்காகப் பெண் பேசும் குரலைத் தேநீர்க் கடைகளிலும் மக்கள் கூடி நின்று கேட்டனர்.

எமது மண்ணிலிருந்து எழுந்த படமொன்றையும் இவ்விடத்திற் குறிப்பிடல் வேண்டும். காவலூர் இராசதுரை எழுத, தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்டு நெறிப்படுத்திய 'பொன்மணி' (1977) அதுவாகும். அதில் நீண்ட வசனங்கள் முழங்கும் நீதிமன்றம் இல்லை. வீடே அங்கு மன்று. சாதியும் சீதனமும் அம்மன்றின் சட்டங்கள். தமிழகப் படங்களின் ஆரவாரத்துக்குப் பழகிப்போன எமது இரசிகர்கள் அப்படத்தை அன்று பெரிதாக வரவேற்கவில்லை. வழக்குரைக்கும் இடமே இல்லாத ஒரு வீட்டினுள் இளம்பெண்ணொருத்தியின் விருப்பம் என்னவாகிறது என்பதை அப்படம் அடங்கிய குரலிற் காட்டியது.

அண்மைய படங்களுக்கு வருவோம். எச். வினோத் இயக்கிய 'நேர்கொண்ட பார்வை' (2019), 'பிங்க்' (2016) என்ற இந்திப் படத்தின் தழுவல். பெண் வேண்டாமென்று சொன்னால் அது வேண்டாமென்பதே. அதற்கு வேறு பொருளில்லை என்பதே அப்படம் சொல்லவந்த செய்தி. மிக அவசியமான செய்தி. மூன்று இளம் பெண்கள் கூண்டில் ஏறி வெட்கக்கேடான கேள்விகளுக்கு விடையளிக்கின்றனர். அவர்களுக்காக வாதிடுபவர் அஜித்குமார். இந்தி மூலத்தில் முதியவராக இருந்த அந்தச் சட்டத்தரணிக்குத் தமிழில் ஒரு சண்டைக்காட்சியும் சேர்க்கப்பட்டது. பெண்ணின் மறுப்புக்கு மதிப்புண்டு என்பதை நிலைநாட்ட ஒரு நாயகனின் குரலும் போதாமல் அவனது கைப்பலமும் தேவைப்பட்டிருக்கிறது. சட்டத்தரணியே பேசுவது நீதிமன்ற வழமைதானே என்று சிலர் கூறலாம். அது நியாயமே. சட்டத்தரணி பேசுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. அவர் பேசி முடித்தபின் படம் யாருடைய வெற்றியைக் கொண்டாடுகிறது என்பதே என் கேள்வி.

இக்கேள்வியுடன் 'ஜெய் பீம்' (2021) படத்தைப் பார்த்தபோது என் எண்ணம் சற்று மாறியது. த.செ. ஞானவேல் இயக்கிய இப்படம் 1993இல் தமிழ்நாட்டில் நிகழ்ந்த ஓர் உண்மைச் சம்பவத்தை அடியொற்றியது. பொலிஸார் பிடித்துச் சென்ற தன் கணவனைத் தேடுகிறாள் இருளர் குலத்துப் பெண்ணான செங்கேணி. நீதிமன்றப் பேச்செல்லாம் சூர்யா நடித்த சட்டத்தரணியுடையதே. அவ்வகையில் இது 'பராசக்தி'யின் வழிவந்த படமே. ஆனால், லிஜோமோல் ஜோஸ் நடித்த செங்கேணி ஓரிடத்திற் செய்யும் காரியம் அம்மரபைச் சேர்ந்ததன்று. அவளைப் பொலிஸ் வாகனத்தில் வீடு கொண்டுபோய் விடும்படி மேலிடத்திலிருந்து கட்டளை வருகிறது. அவளோ ஏற மறுத்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தெருவால் நடக்கிறாள். பொலிஸ் வாகனம் அவளுக்குப் பின்னால் ஊர்ந்து வருகிறது. வழக்கைக் கைவிடும்படி தரப்பட்ட பணத்தையும் அவள் மறுக்கிறாள். பேச்சு இன்னொருவருடையதாக இருக்கலாம், முடிவு அவளுடையது. முதலில் நான் எழுப்பிய இரு வினாக்களில் இரண்டாவதே முதன்மையானது என்பதை இப்படமே எனக்கு உணர்த்தியது.

இப்படத்தை எங்கள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்து பார்த்தோம். என் பெரியம்மாவும் இருந்தார். 2009 மே மாதத்தின் பின் பெரியப்பாவைப் பற்றிய தகவல் எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. படத்திலே செங்கேணியின் கணவன் இறந்துபோனது தெரியவந்து உடலும் கண்டெடுக்கப்பட்டபோது வீட்டிற் பேச்சில்லை. சிறிது நேரத்தின் பின் பெரியம்மா, "அவளுக்கெண்டாலும் ஒரு முடிவு கிடைச்சுது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழுந்து போனார்.

பெரியம்மாவும் நீதிமன்றம் சென்றவரே. வடமராட்சியில் அவருக்கு இரண்டு பரப்புச் சீதனக் காணி உண்டு. நுண்கடன் நிறுவனமொன்றில் எடுத்த கடனின் வட்டி வளர்ந்து, அரைகுறையாக நின்ற வீட்டையும் முடிக்க வழியில்லாதபோது, அதில் ஒரு பரப்பை விற்க விரும்பினார். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தனது அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்து மூலச் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது என்பது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் ஏற்பாடு. அவளுடைய சீதனம், அவளுடைய பெயரிலுள்ள உறுதி, ஆனால், அவன் கையெழுத்து வேண்டும். கணவன் இருக்குமிடம் தெரியாதவிடத்து மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்து அச்சம்மதத்துக்கு ஈடான கட்டளையைப் பெறலாம் என்று அதே சட்டம் வழி சொல்கிறது.

இதைவிட இலகுவான வழியொன்றை எல்லோரும் அவருக்கு எடுத்துச் சொன்னார்கள். மரணச் சான்றிதழ் எடுத்துவிட்டாற் கையெழுத்துப் பிரச்சினையே இல்லை. காணாமற் போனோரை இறந்தவராகப் பதிவதற்கு 2010இல் இயற்றப்பட்ட சட்டம் வழிவகுத்திருந்தது. அலுவலகங்களிற் சொன்னார்கள், உறவினர் சொன்னார்கள், அவருடைய நன்மையை விரும்பியே சொன்னார்கள். பெரியம்மா யாருடனும் வாதிடவில்லை. "அது மட்டும் வேண்டாம்" என்றார். நீண்ட வழியையே தெரிந்தார். தவணை தவணையாக வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. விடுமுறையில் வீட்டில் நின்றமையால் ஒரு தவணைக்கு நானும் அவருடன் சென்றேன்.

அங்கே பேசியவர் சட்டத்தரணிதான். சட்டப் பிரிவுகளைக் குறிப்பிட்டுச் சில நிமிடம் பேசினார். பின்னர் பெரியம்மா சாட்சிக்கூண்டில் ஏற, கணவர் உயிருடன் இல்லையென்று கருதுகிறீர்களா என்று அவரிடம் வினவப்பட்டது. பெரியம்மா அழவுமில்லை, குரலை உயர்த்தவுமில்லை. "அவர் இல்லையெண்டு நான் சொல்லேல்லை ஐயா. கையெழுத்து வைக்க இஞ்ச இல்லையெண்டுதான் சொல்லுறன்" என்றார். அவ்வளவுதான். சில மாதங்களின் பின் கட்டளை கிடைத்தது. ஒரு பரப்பு விற்கப்பட்டது. கடனும் தீர்ந்தது. பெரியம்மா நெற்றியில் இன்றும் குங்குமம் இருக்கிறது.

இந்தக் காட்சியை எமது சினிமாவில் வைத்தால் என்னவாகும் என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு. பழைய படமாயின் அவர் கதறி விழுந்திருப்பார். அண்ணன் ஒருவன் எழுந்து சட்டத்தைச் சாடியிருப்பான். புதிய படமாயின் அவரே சட்டத்தரணியின் கையிலிருந்த கோவையைப் பறித்து எறிந்துவிட்டு முழங்கியிருப்பார். இரண்டிலும் அவருடைய அந்த ஒரு வசனத்துக்கு இடமிருந்திராது. காரணம், அதிலே கண்ணீருமில்லை, கர்ச்சனையுமில்லை. தன் வாழ்வைப் பற்றிய உண்மை எது என்று தீர்மானிக்கும் உரிமையைச் சட்டத்திடமோ, உறவினரிடமோ, தன் வறுமையிடமோ விட்டுக்கொடுக்க மறுத்த ஒருத்தியின் நிதானமே இருக்கிறது. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியிலே காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டத்தில் நிழற்படங்களை ஏந்தி அமர்ந்தோரிற் பெரும்பாலார் தாய்மாரும் மனைவியருமே. அவர்களைப் பலவீனர் என்றோ வீராங்கனையர் என்றோ சொல்லிவிட்டு எழுந்து போதல் எளிது. அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டிருத்தலே கடினம்.

அத்தகைய நிதானத்தை அண்மையில் ஒரு படத்திற் கண்டேன். கௌதம் ராமச்சந்திரன் இயக்கிய 'கார்கி' (2022) அது. சிறுமியொருத்திக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்காகத் தன் தந்தை கைதுசெய்யப்பட, அவர் குற்றமற்றவர் என்று நம்பி, ஆசிரியையான கார்கி போராடுகிறாள். அவளுக்கு உதவ முன்வரும் சட்டத்தரணி திக்கிப் பேசுபவர். குணசேகரன் முதலாகத் தமிழ்த் திரையின் நீதிமன்றத்தை ஆண்டுவந்த அடுக்குமொழிப் பேச்சு இங்கே நாத்திக்கலில் வந்து நிற்பதை நான் மிகவும் பொருள் பொதிந்ததாகக் கருதுகிறேன். வழக்கு நடைபெறும் நீதிமன்றத்தின் நீதிபதியாக ஒரு திருநங்கை அமர்ந்திருக்கிறார். உண்மை தான் நம்பியதற்கு மாறானது என்று ஈற்றில் அறிந்தபோது, தந்தைக்காக அதுவரை நின்ற அவளே பாதிக்கப்பட்ட சிறுமியின் பக்கம் நின்று முடிவெடுக்கிறாள். சாய் பல்லவி இப்படத்திற் பல தடவை அழுகிறார். அந்த அழுகை கார்கியைப் பலவீனப்படுத்தவில்லை. கண்ணகி கணவனுக்காக வழக்குரைத்தாள். கார்கி தன் குடும்பத்து ஆணுக்காக வழக்குரைக்கப் புறப்பட்டு, நீதிக்காக அவ்வழக்கையே கைவிடுகிறாள். இரண்டாயிரம் ஆண்டு மரபு ஒன்று அங்கே சற்றுத் திரும்பி நடக்கிறது எனலாம்.

ஓரிரு படங்களைக் கொண்டு காலம் மாறிவிட்டது என்று முடிவு கட்டுவது தவறு. 1939இல் சாவித்திரி பேசிய பின் 1952இல் கல்யாணி தலைகுனிந்து நின்றதை நாம் கண்டோம். முன்னேற்றம் தானாக நிகழ்வதுமில்லை. ஒருமுறை நிகழ்ந்தது நிலைத்து நிற்பதுமில்லை. பார்வையாளராகிய எமக்கும் இதிற் பொறுப்புண்டு. வசனத்துக்குக் கை தட்டுவது எமது பழக்கம். அவ்வசனம் எவருடைய துன்பத்தின் மேல் நின்று பேசப்படுகின்றது என்று கேட்பது எமது பழக்கமன்று. அடுத்த படத்தைப் பார்க்கும்போதாயினும் அவள் அழுதாளா அடித்தாளா என்பதோடு நின்றுவிடாமல், அவளுடைய வழக்கை உரைத்தவர் யார், முடிவைச் செய்தவர் யார் என்று கேட்டுப் பழகுவோம். திரையில் அதைக் கேட்கப் பழகியவர்கள், விரிவுரை மண்டபத்திலும் மாணவர் அவைக் கூட்டங்களிலும் எமது வீடுகளிற் கல்யாணம் பேசும் திண்ணைகளிலும் அதே கேள்வியைக் கேட்கத் தயங்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். அங்கெல்லாம் எங்களைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது; பேச எழும் எங்களுக்கு நேரம் போதாதென்று சொல்லப்படுகிறது.